பக்தி யோகத்தில் முதல் அடி: பழனி மலைப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“சாமி கும்பிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சன்னிதியில் நின்றால் மனது எங்கோ போய்விடுகிறது. பக்தி வரவே மாட்டேன் என்கிறது.” பழனிக்கும் கொடைக்கானலுக்கும் புதிதாக வருகிறவர்கள், அதிலும் படிப்பு, வேலை என்று பல வருடம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள், அடிக்கடி சொல்லும் குறை இது. அவர்கள் வழி கேட்கும்போது, படிக்கட்டு எந்தப் பக்கம், டிக்கெட் எங்கே வாங்குவது என்பதோடு இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களான நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு மேல் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பக்தி வந்த பிறகு வணங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் குனியுங்கள், கையால் வேலை செய்யுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். அன்பு அதன் பின்னால் வரும். பணிவும் அப்படித்தான். கண்ணை மூடி உட்கார்ந்து “நான் பணிவானவன்” என்று நினைத்துப் பணிவை வரவழைக்க யாராலும் முடியாது. முதுகு வளைந்து வேலை செய்கிறவனுக்கு அது தெரியாமலே வந்து சேருகிறது.

எந்தப் படியில் ஏறுவது?

பகவத் கீதையின் 12ஆம் அத்தியாயத்துக்குப் பக்தி யோகம் என்றே பெயர். மொத்தம் 20 சுலோகங்கள்தான். ஒரே இருப்பில் படித்துவிடலாம், படித்துவிடுங்கள். அதன் நடுவில் கண்ணன் அர்ச்சுனனுக்கு நான்கு வழி சொல்கிறான். மனத்தையும் புத்தியையும் என்னிடமே நிறுத்து என்கிறான் முதலில். அது முடியாவிட்டால், விடாத பயிற்சியால் என்னை அடையப் பார். பயிற்சியும் முடியாவிட்டால், எனக்காக வேலை செய். அதுவும் முடியாவிட்டால், செய்கிற வேலையின் பலனை விட்டுவிடு. உச்சியில் தொடங்கி, நாம் நிற்கிற தரை வரைக்கும் இறங்கி வந்து கூப்பிடுகிற பேச்சு இது. ஒரு படி முடியவில்லை என்பதற்காக அவன் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

புதியவர்களில் பெரும்பாலோர் முதல் படியிலேயே கால் வைக்கப் பார்க்கிறார்கள். கண்ணை மூடி, மனத்தை ஒருமுகப்படுத்தி, ஒரு வாரத்தில் களைத்துப்போய், “எனக்கு இது ஒத்துவராது” என்று எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் மூன்றாவது படியில் தொடங்குங்கள். அவனுக்காக ஒரு வேலை. மனம் ஓடினால் ஓடட்டும், கை அங்கேயே இருக்கும்.

சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறி சொல்வார்கள். முதலாவதான சரியை என்பது கோயிலைக் கூட்டுவதும் மெழுகுவதும் பூப்பறித்துத் தொடுப்பதும் விளக்கேற்றுவதும்தான். இறைவனை ஆண்டானாகவும் தன்னை அடிமையாகவும் வைத்துச் செய்யும் இந்தத் தொண்டுக்குத் தாச மார்க்கம் என்று பெயர். இங்கேயும் வழி உடம்பில்தான் தொடங்குகிறது.

வீட்டில் ஒரு மூலை, ஒரு நேரம்

எந்தத் தெய்வத்தைப் பிடிப்பது என்று தேடி அலைய வேண்டாம். உங்கள் குலதெய்வம், அல்லது பாட்டி கும்பிட்ட சாமி, அல்லது சின்ன வயதில் பயந்தபோது வாய் தானாகச் சொன்ன பெயர், அது போதும். முருகன் என்றால் சரவணபவ என்ற ஆறெழுத்து இருக்கிறது. பெயரைச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். தீட்சை, மந்திர உபதேசம் என்று போகிறபோதுதான் குரு வேண்டும். அதற்கு இப்போது அவசரமில்லை.

காலையில் எழுந்து முகம் கழுவியதும், செல்போனைக் கையில் எடுப்பதற்கு முன்னால், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நேற்றைய பூவை எடுங்கள், இடத்தைத் துடையுங்கள், விளக்கேற்றுங்கள், ஒரு சொம்பில் புதுத் தண்ணீர் வையுங்கள், பெயரைச் சொல்லுங்கள். இலையோ பூவோ பழமோ தண்ணீரோ, அன்போடு கொடுப்பதை ஏற்கிறேன் என்று கீதையின் 9ஆம் அத்தியாயம் சொல்கிறது. கொடைக்கானல் குளிரில் வாசல் தொட்டியில் பூத்த ஒரு சாமந்தி தாராளம். கடையில் மாலை வாங்கித்தான் பூசை என்ற எண்ணம் வந்தால், பத்தாவது நாளே பூசை நின்றுவிடும்.

ஆண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பல வீடுகளில் அம்மாவோ மனைவியோ பூசை இடத்தைத் துடைத்து, பாத்திரம் விளக்கி, பூ வைத்து, எல்லாம் தயாரான பிறகு ஆண் வந்து கற்பூரம் காட்டுகிறார். அந்தக் கற்பூரத்தை அவர்களிடம் கொடுங்கள். குத்துவிளக்கைத் தேய்க்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கின் தண்டு மடிப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்து இறுகிக் கிடக்கும்; முகங்களில் திரி கருகிய கரி ஒட்டியிருக்கும். புளியும் சாம்பலும் வைத்து விரல் நுனியால் ஒவ்வொரு வளையமாகத் தேய்த்தால்தான் பித்தளை நிறம் வெளியே வரும். முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் உங்கள் பூசைதான். அதைவிட நல்ல பூசை ஒரு புதியவருக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

கேட்கப் பழகுங்கள்

பாகவத புராணத்தில் பிரகலாதன் தன் தந்தையிடம் பக்தியின் ஒன்பது வகைகளைச் சொல்கிறான்: கேட்டல், பாடுதல், நினைத்தல், திருவடித் தொண்டு, அர்ச்சனை, வணங்குதல், அடிமையாயிருத்தல், தோழமை, தன்னையே ஒப்படைத்தல். வரிசையில் முதலில் நிற்பது கேட்டல். பேசிக்கொண்டே இருக்கிறவனால் கேட்க முடியாது என்பதால், அந்த முதல் இடத்துக்கு உள்ளேயே பணிவு இருக்கிறது.

உங்கள் ஊரில் திருப்புகழோ தேவாரமோ பாடுகிற ஒரு குழு நிச்சயம் இருக்கும். கார்த்திகை, சஷ்டி நாட்களில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பாட்டு தெரியாவிட்டால் தாளம் மட்டும் போடுங்கள். சந்தம் வேகமாக ஓடும், நாக்கு தடுக்கும், பரவாயில்லை. பொருள் என்ன, ராகம் என்ன என்று முதல் நாளே கேட்டு அந்தப் பெரியவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். சில மாதம் காதில் விழுந்தால் பாதி தானாக விளங்கும். மீதியை அப்போது கேளுங்கள், ஆசையோடு சொல்லித் தருவார்கள். பாடுகிறவர்களுக்குக் குடிக்க வெந்நீர் கொண்டுவந்து வைப்பதும், முடிந்ததும் ஜமுக்காளத்தை மடித்து வைப்பதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

வீட்டில் படிப்பதற்கு, வாரம் ஒரு நாயன்மார் கதை போதும்.

ஒரு வேலை கேட்டு வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

திருநாவுக்கரசர் கையில் எப்போதும் இருந்தது, புல் செதுக்கும் கருவியான உழவாரப்படை. ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார். “என் கடன் பணி செய்து கிடப்பதே” என்று அவர் பாடியது வெறும் அலங்காரச் சொல் இல்லை. அவர் கை காய்த்திருந்தது. பதிகம் பாடிய வாயையும் புல் செதுக்கிய கையையும் அவர் உயர்வு தாழ்வாகப் பிரிக்கவில்லை.

உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சிறிய கோயிலுக்குப் போங்கள். பெரிய கோயில்களில் ஆட்கள் இருக்கிறார்கள். சின்னக் கோயிலில் ஒரு பூசாரியும் ஒரு வாளியும்தான் இருக்கும். “சாமி, வாரத்தில் ஒருநாள் வருகிறேன், ஏதாவது வேலை கொடுங்கள்” என்று கேளுங்கள். அவர் என்ன கொடுக்கிறாரோ அதைச் செய்யுங்கள். மடப்பள்ளியில் அண்டா கழுவச் சொல்லலாம். பொங்கல் அடிப்பிடித்த அண்டா என்றால் பாதி உடம்பை உள்ளே விட்டுத்தான் தேய்க்க வேண்டியிருக்கும். காய்ந்த பருக்கை ஒவ்வொன்றையும் நகத்தால் பெயர்க்க வேண்டும். விளக்கு மேடையில் சொட்டிய எண்ணெயில் தூசி படிந்து கல்லோடு கல்லாகிவிட்டிருக்கும். வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்க்கச் சொல்லலாம். செருப்பு வைக்கும் இடத்தில் நிற்கச் சொல்லலாம்.

“எனக்குப் பூத்தொடுக்கத் தெரியும், அதைக் கொடுங்கள்” என்று நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிடித்த வேலையைச் செய்வது நல்லதுதான், ஆனால் கொடுத்த வேலையைச் செய்வதில்தான் பயிற்சி இருக்கிறது. செய்கிறபோது படம் எடுத்துப் போடாதீர்கள். உபயதாரர் பலகையில் பெயர் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் கழுவிய அண்டாவை “சரியாகக் கழுவவில்லை” என்று ஒருவர் திரும்பக் கொண்டுவந்து வைத்தால், மறுபடி கழுவுங்கள். அந்தக் கணத்தில் உள்ளே ஏதோ ஒன்று சுருக்கென்று எழும்புமே, அதைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பக்தி யோகத்தில் கரைய வேண்டியது அதுதான்.

கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. சுற்றிலும் படிப்படியாய் இறங்கும் பூண்டு வயல்கள், நடுவில் ஊர், ஊருக்குள் கோயில். அங்கே தேரோட்டத்தில் தேருக்கு முன்னும் பின்னும் வடம் கட்டியிருப்பார்கள். முன்வடம் பிடிக்கிறவர்களை நோக்கிச் சாமி வருகிறார். ஆரவாரம், அரோகரா, எல்லாம் அங்கே. பின்வடத்தில் இருப்பவர்களுக்குத் தேரின் முதுகுதான் தெரியும். மலைச்சரிவுத் தெருவில் தேர் தன்போக்கில் உருண்டுவிடாமல் குதிகாலை ஊன்றிச் சாய்ந்து தாங்குவது அவர்கள் வேலை. இழுப்பவர்களுக்குத் தேர் நகர்வது தெரியும். தாங்குபவர்களுக்குக் கை எரிவது மட்டும் தெரியும். பூம்பாறைத் தேருக்குப் போகிற வாய்ப்புக் கிடைத்தால், ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டு, பின்வடத்தில் ஒரு கை வையுங்கள்.

பழனிக்குப் போகும் நாள்

முதல்முறை தைப்பூசத்திலோ பங்குனி உத்திரத்திலோ போக வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டத்தில் நீங்கள் உங்களைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே நாள் போய்விடும். விசேஷமில்லாத ஒரு வார நாளில் போங்கள். கொடைக்கானலிலிருந்து வருகிறவர்களுக்கு மலைப்பாதையில் சுமார் 65 கிலோமீட்டர். ஸ்வெட்டரோடு ஏறி, வியர்வையோடு இறங்குவீர்கள். வெயிலுக்கு முன் அடிவாரம் சேர்வது நல்லது, மதியத்தில் கல் படி கால் வைக்க முடியாமல் காயும்.

நேராக மலைக்கு ஓடாதீர்கள். முதலில் அடிவாரத்தில் திருஆவினன்குடி. அறுபடை வீடுகளில் மூன்றாவது படைவீடாகச் சொல்லப்படுவது இதுதான். கீழே குழந்தை வேலாயுதசுவாமியாக இருக்கிறவரைப் பார்க்காமல் மேலே போகிறவர்கள்தான் இன்று அதிகம். பிறகு கிரிவலம். மலையைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டர் அளவுதான், நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஏறுவதற்கு முன் மலையைச் சுற்றிவருவதில் ஒரு முறை இருக்கிறது: பெரியவர் வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் நின்று குரல் கொடுப்போமே, அந்த மரியாதை. சித்திரைக் கடைசி ஏழு நாளும் வைகாசி முதல் ஏழு நாளும் உள்ளூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிரிவலம் வருவார்கள், கடம்பம் பூத்திருக்கும் காலம். அந்த நாட்களில் வர முடிந்தால் பாக்கியம்.

செல்போனை அடிவாரத்தில் கொடுத்துவிடுங்கள். 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை இருக்கிறது, வைத்துக்கொள்ளத் தனி இடமும் உண்டு. தடைக்காக வேண்டாவெறுப்பாகக் கொடுக்காமல், மனமாரக் கொடுத்துப் பாருங்கள். மேலே போனதும் கை தானாகப் பையைத் தடவும். அப்போதுதான் எத்தனை முறை அதைத் தேடுகிறோம் என்று தெரியும்.

பாத விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏறுங்கள். 693 படிகள். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு, படிகளைவிட ஏற்றம் குறைந்த யானைப்பாதை இருக்கிறது, கம்பியால் இழுக்கும் ரயில்பெட்டியான வின்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. அவற்றில் போவதற்கு வெட்கப்பட எதுவும் இல்லை. படியேறினேன் என்று வின்ச்சில் வருகிறவரைக் குறைவாகப் பார்ப்பதுதான் வெட்கப்பட வேண்டிய காரியம்.

ஏறும்போது படி பூசை செய்கிறவர்களைப் பார்ப்பீர்கள். கிண்ணத்தில் குழைத்த மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் குனிந்து மூன்று பொட்டு, ஒரு கற்பூரம், நிமிர்ந்து அடுத்த படி. வரும் போகும் எல்லோருடைய காலும் பட்ட கல்லுக்கு அவ்வளவு மரியாதை. சேர நாட்டு அரசராக இருந்த குலசேகராழ்வார் திருப்பதித் திருமலையில் என்னவாகப் பிறக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், ஓரிடத்தில் “படியாய்க் கிடந்து உன் பவளவாய் காண்பேனே” என்று கேட்டார். முடி சூடியவர் கேட்ட வரம் அது. அவர்களைத் தாண்டும்போது பொட்டு வைத்த இடத்தை மிதிக்காமல் விலகிப் போங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

வழியில் இடும்பன் சன்னிதி வரும். இங்கே நின்று போவது கட்டாயம். அகத்தியரின் சீடனான இடும்பன், சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து வந்தான். ஆவினன்குடியில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கினால், மலை அசையவில்லை. மேலே பார்த்தால் கோவணம் கட்டிய ஒரு சிறுவன் கையில் தண்டத்தோடு நிற்கிறான், மலை எனக்கே சொந்தம் என்கிறான். இடும்பன் சண்டைக்குப் போய் விழுந்து உயிரை விட்டான். மனைவி இடும்பியும் அகத்தியரும் வேண்ட, முருகன் அவனை எழுப்பினான். எழுப்பியதோடு தன் வாசலிலேயே காவலாக வைத்துக்கொண்டான், அவனைப் போலக் காவடி சுமந்து வருகிறவர்களுக்கெல்லாம் அருள் தருவதாகவும் சொன்னான். தன்னோடு மோதித் தோற்றவனுக்கு முதல் வணக்கத்தை வாங்கிக்கொடுத்த சாமி இவர். நீங்கள் எவ்வளவு முரட்டுத்தனத்தோடு வந்திருந்தாலும் இங்கே இடமுண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இனி வரிசை. கட்டண தரிசனமும் உண்டு, பொது தரிசனமும் உண்டு. உடம்பு தாங்குகிறவர்கள் முதல்முறை பொது வரிசையில் நில்லுங்கள். வரிசை நகராமல் நிற்கிற நேரம், முன்னால் ஒருவர் குடும்பத்தோடு நடுவில் புகுந்துகொள்கிற நேரம், பின்னால் நிற்கிற குழந்தை உங்கள் முதுகில் இடித்துக்கொண்டே இருக்கிற நேரம், அதெல்லாம் தரிசனத்துக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறோம். திருவாரூரில் சுந்தரர் அடியார் கூட்டத்தை வணங்காமல் நேரே இறைவனைப் பார்க்கப் போனார். விறன்மிண்டர் என்ற அடியார், இவரும் புறம்பு, இவரை ஆண்ட சிவனும் நமக்குப் புறம்பு என்று சொல்லிவிட்டார். சுந்தரரோ இறைவனுக்கே தோழர். அவருக்கே அடியார்களைத் தாண்டிப் போக வழியில்லை. அதன் பிறகுதான் அவர் ஒவ்வொரு அடியார் பெயராகச் சொல்லி “அடியார்க்கும் அடியேன்” என்று பாடினார். வரிசையில் உங்கள் முன்னும் பின்னும் நிற்கிறவர்கள் அந்தக் கூட்டம்தான். முடியாத பெரியவருக்கு உங்கள் இடத்தைக் கொடுங்கள். தண்ணீர் இருந்தால் பகிருங்கள்.

சன்னிதியில் கிடைப்பது சில நொடி. கண்ணை மூடாதீர்கள். வேண்டுதல் பட்டியலை வரிசையிலேயே சொல்லி முடித்துவிட்டு, அங்கே பார்க்க மட்டும் செய்யுங்கள். காலையில் விளா பூசை நேரத்தில் போனால் ஆண்டிக் கோலம். மாலைப் பூசையான சாயரட்சைக்குப் போனால் ராஜ அலங்காரம். ராஜ அலங்காரத்துக்குத்தான் கூட்டம் முண்டும். முதல் தரிசனத்துக்கு நான் ஆண்டிக் கோலத்தையே சொல்வேன். சித்தர் போகர் ஒன்பது பாஷாணங்கள் சேர்ந்த நவபாஷாணத்தில் செய்ததாகச் சொல்லப்படும் அந்தத் திருமேனி, இடையில் கோவணமும் கையில் தண்டமுமாக, நம்மிடம் எதுவும் கேட்காமல் நிற்கும். மொட்டை போடுவது உங்கள் நேர்த்திக்கடனாக இருந்தால் அதை ஏறுவதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். மொட்டைத் தலையோடு அவர் முன் நிற்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு.

வெளியே வந்து கொடிமரத்தருகே விழுந்து வணங்குங்கள், ஆண்கள் எட்டு அங்கமும் தரையில் பட அஷ்டாங்கமாக, பெண்கள் ஐந்து அங்கம் பட பஞ்சாங்கமாக. கொடிமரம் தவிர மற்ற சன்னிதிகளில் விழுந்து வணங்கும் வழக்கம் இல்லை. விபூதியை வலது கையில், கீழே இடது கை தாங்க, வாங்குங்கள். பூசியது போக மிச்சத்தைத் தூண் மாடத்திலோ சுவரிலோ கொட்டிவிட்டுப் போகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். ஒரு காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். பிராகாரத்தில் போகர் சன்னிதி இருக்கிறது. கூட்டம் குறைவாக இருந்தால் அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருங்கள்.

பஞ்சாமிர்தம் வாங்குவீர்கள். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதில் விழுகிற விருப்பாட்சி மலைவாழைப்பழம் நம் மலைச்சரிவில் யாரோ தலைச்சுமையாய் இறக்கியது. டப்பாவைத் திறந்ததும் முதல் கரண்டியை வேறொருவர் கையில் வையுங்கள்.

பாதயாத்திரை பற்றி

இரண்டாவது வருடம் யோசிக்கலாம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு செட்டிநாட்டிலிருந்து நடந்து வருகிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாட்டவர் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து வருகிறார்கள். தலைமுறைகளாக நடக்கிறவர்களோடு சேர்ந்து நடப்பதே பாதுகாப்பு, தனியாகக் கிளம்பாதீர்கள். இரவில் சாலையோரமாக, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையைப் பையில் ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும். காலில் கொப்புளம் வரும். முகம் தெரியாத ஒருவர் உங்கள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து மருந்து தடவுவார். கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வது எவ்வளவு கடினம் என்று அப்போது தெரியும். கூச்சப்படாமல் காலைக் கொடுங்கள்.

ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அன்னதானப் பந்தல்களைத் தாண்டியதும் சாலை நெடுக இலையும் காகிதத் தட்டும் டம்ளரும் கிடக்கின்றன. உங்களுடையதை உரிய இடத்தில் போடுங்கள், முடிந்தால் இன்னும் பத்துப் பேருடையதையும் பொறுக்குங்கள். அரோகரா என்று சொல்லிக்கொண்டே குப்பையை வீசுகிற கையை முருகன் எப்படிப் பார்ப்பான்?

கவனமாக இருக்க வேண்டியவை

பக்தியில் வளரும் கர்வம் மற்ற எல்லாக் கர்வத்தையும்விடப் பிடிவாதமானது. நான் எத்தனை வருடமாக விரதம் இருக்கிறேன், நான் வெங்காயம் தொடுவதில்லை, நான் வின்ச்சில் ஏறியதே இல்லை என்று அது பேசும். நாரத பக்தி சூத்திரம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: இறைவனுக்குக் கர்வம் பிடிக்காது, பணிவு பிடிக்கும். வங்காளத்தில் வாழ்ந்த சைதன்யர், புல்லைவிடத் தாழ்ந்தவனாய், மரத்தைவிடப் பொறுமையுள்ளவனாய், தனக்கு மரியாதை எதிர்பாராமல் பிறருக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு, இறைவன் பெயரைப் பாட வேண்டும் என்றார். விரதத்தைப் பற்றி வெளியே பேசாமலிருப்பது நல்ல மருந்து.

அடுத்தது, பணிவு என்ற பெயரில் தன்னைத்தானே வெறுப்பது. மாணிக்கவாசகர் “நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு” என்று பாடினார் என்றால், அடுத்த மூச்சிலேயே “தாயிற் சிறந்த தயாவான தத்துவனே” என்றார். தாயைவிடப் பெரிய அன்பின் முன்னால் நின்று சொன்ன சொல் அது. அந்த அன்பை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, “நான் எதற்கும் லாயக்கில்லாதவன்” என்று வீட்டிலும் அலுவலகத்திலும் குறுகி நிற்பது பக்தி ஆகாது. உங்கள் மனம் அப்படித் தொடர்ந்து இருண்டு கிடந்தால், விரதங்களைக் குறைத்துவிட்டு நம்பிக்கையானவரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள். அதில் தெய்வக் குற்றம் எதுவுமில்லை.

மூன்றாவது, உங்களிடம் பணிவைக் கேட்டு வாங்குகிறவர்கள். காலில் விழு, சொத்தை எழுதிக்கொடு, வீட்டாரிடம் சொல்லாதே, கேள்வி கேட்டால் பாவம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பணிவு நாமாகக் கொடுப்பது. இன்னொருவர் வசூலிக்க அது வரி இல்லை. இதே காரணத்தால்தான், சாதி சொல்லி ஒருவரைத் தள்ளி நிற்கச் சொல்கிறவர் எத்தனை காவடி எடுத்திருந்தாலும் பக்தி அவரைத் தொடவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். சுந்தரர் அடியேன் என்று வணங்கிய வரிசையில் குயவர் திருநீலகண்டர் இருக்கிறார், மீனவர் அதிபத்தர் இருக்கிறார், வேடர் கண்ணப்பர் இருக்கிறார், நந்தனார் என்கிற திருநாளைப்போவார் இருக்கிறார். அந்தணர் குலத்தில் பிறந்த விப்ரநாராயணர் அடியார்களின் பாதத்தூளியையே தன் பெயராக்கித் தொண்டரடிப்பொடி ஆழ்வார் ஆனார். அன்னதானப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் யார் என்ற கேள்வி உங்களுக்குள் எழுந்தால், அன்று பரிமாறும் பக்கம் போய் நில்லுங்கள்.

வறண்ட நாட்கள் வரும்போது

வரும். இரண்டு மூன்று மாதத்தில் ஆரம்ப உற்சாகம் வடிந்துவிடும். விளக்கேற்றினால் ஒன்றும் தோன்றாது. அப்போது புது மந்திரம், புதுக் கோயில், புது குரு என்று தாவாதீர்கள். நேரத்தைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். பத்து நிமிடம் முடியாவிட்டால் விளக்கு மட்டும். விளக்கும் முடியாத நாளில் பெயர் மட்டும். வாரத்துக்கு ஒருநாள் ஏற்றுக்கொண்ட கோயில் வேலையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அங்கே உங்களை ஒருவர் எதிர்பார்த்திருப்பார் என்பதே உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரியும்? கண்ணீர் வந்ததா, கனவில் வேல் தெரிந்ததா என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அதே 12ஆம் அத்தியாயத்தின் பின்பகுதியில் அடையாளங்கள் இருக்கின்றன: எந்த உயிரையும் வெறுக்காதவன், நட்பும் கருணையும் உள்ளவன், எனது என்பதும் நான் என்பதும் இல்லாதவன், பொறுமையுள்ளவன், தன்னால் உலகத்துக்குக் கலக்கம் தராதவன். இதை நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ள முடியாது. உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். முன்பைவிடக் கோபம் குறைந்திருக்கிறதா, சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் முகம் எப்படி இருக்கிறது, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் குரல் எப்படி இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். சொல்வதை மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் இப்படிப் போன பிறகு, இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்று தோன்றினால், நீங்கள் வேலை செய்கிற கோயிலிலோ பாடுகிற குழுவிலோ இருக்கும் மூத்தவரிடம் சொல்லுங்கள். உங்கள் கை எப்படி வேலை செய்கிறது என்று அவர் இத்தனை நாளும் பார்த்திருப்பார். எந்த நூலைப் படிப்பது, யாரிடம் உபதேசம் கேட்பது என்பதை உங்களுக்கு ஏற்றபடி சொல்ல அவரால்தான் முடியும். வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு வெற்றிலை, ஒரு சீப்பு மலைப்பழம் போதும்.